சும்மா இருப்பவளின் விலை

1808ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைச் சட்டம் பயின்றவர்கள் அறிவர். இலக்கியம் பயிலும் நம்மிடையே அது பேசப்பட்டதில்லை. மதுவிடுதி நடத்திவந்த ஒருவர் தம் மனைவியுடன் பயணிகள் குதிரைவண்டியின் மேல்தட்டில் அமர்ந்து செல்கிறார். வண்டி கவிழ்கிறது. அவருக்குச் சிராய்ப்பும் காயமும். மனைவி ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்து இறந்துபோகிறாள். விடுதியின் பெரும்பகுதி வேலையைக் கவனித்துவந்தவள் அவளே. வண்டி உரிமையாளர்கள்மீது கணவர் வழக்குத் தொடுக்க, எல்லன்பரோ பிரபு தீர்ப்புரைக்கிறார்: உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு மனித உயிரின் மரணத்தைத் தீங்கெனக் கொண்டு முறையிட இயலாது. ஆதலால் மனைவியின் துணையை இழந்தமைக்கான ஈடு அவள் இறந்த கணம்வரைதான். கணவருக்குக் கிடைத்தது 100 பவுன். அதில் அவருடைய சொந்தக் காயங்களும் அடக்கம்.

அந்த ஒரு மாதத்திற்கு அவளுக்கு விலை உண்டு, அதன்பின் இல்லை. பிழைத்துக் கிடந்தால் வண்டிக்காரர் கொடுக்கவேண்டும், இறந்துவிட்டால் கொடுக்கவேண்டியதில்லை என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். பேக்கர் எதிர் போல்ட்டன் எனப்படும் இவ்வழக்கின் நிழல் இரண்டு நூற்றாண்டு நீண்டு நம் நாட்டு நீதிமன்றங்கள்வரை வந்து விழுந்ததைச் சொல்லவே இக்கட்டுரை.

இங்கிலாந்தில் அன்று இதற்கு இணையாக இன்னொரு விந்தையான வழக்கமும் இருந்தது. ஓர் ஆளைக் கொன்ற பொருள், அது வண்டிச் சக்கரமானாலும் குதிரையானாலும், அரசுக்கு உரியதாகும். அல்லது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டவேண்டும். 1841இல் சானிங் என்னுமிடத்தில் நேர்ந்த இரயில் விபத்தில் கட்டடத் தொழிலாளர்கள் பலர் மாண்டபோது, விசாரணை ஜூரி இரயில் எஞ்சின்மீதே 1,000 பவுன் விதித்தது. இறந்தவர்களின் பெண்டு பிள்ளைகளுக்கு அல்ல, அரசுக்கு. இதைப் படிக்கும்போது நமக்கு ஆரூர்த் தெருவில் கன்றை இழந்த பசு நினைவுக்கு வராமல் போகாது. மனுநீதிச் சோழன் தேரைத் தண்டிக்கவில்லை. தேர் ஓட்டிவந்த மகனைத் தண்டித்தான். ஆனால் அங்கும் பசுவுக்கு ஈடு என்று ஒன்று பேசப்படவில்லை. உயிருக்கு உயிர் என்பது அறம்; எஞ்சியிருப்பவர் நாளைக்கு எதை உண்பார் என்பது வேறு கேள்வி. பழைய நீதிக்கதைகள் முதலாவதில்தான் உருகின.

இரண்டாவது கேள்வியைச் சட்டத்திற்குள் கொண்டுவந்தது இரயில்தான். 1846 ஆகஸ்டில், ஒரே மாதத்தில், பொருளைப் பறிக்கும் வழக்கம் ஒழிந்தது. கேம்பல் பிரபுவின் உயிர்ச்சேத விபத்துச் சட்டமும் நிறைவேறியது. இறந்தவரின் குடும்பம் வழக்கிடலாம் என்றாயிற்று. ஆனால் 1852இலேயே நீதிமன்றம் ஒரு கோடு கிழித்துவிட்டது: துக்கத்திற்கு ஈடில்லை, பணநட்டத்திற்கு மட்டுமே ஈடு. அச்சட்டத்தின் சாயலில் 1855இல் இந்தியாவுக்கும் ஒரு சட்டம் வந்தது. இப்படியாக, 'அவர் எவ்வளவு சம்பாதித்தார்?' என்பதே விபத்து வழக்கின் முதற்கேள்வியாகிப் போனது. 1896இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸ் வளாகத்தில் மோட்டார் காரில் அடிபட்டு இறந்த பெண்ணுக்கு இந்தக் கேள்விகூட எழவில்லை. மரண விசாரணை ஜூரி தற்செயல் மரணம் என்று கூறி முடித்துக்கொண்டது.

இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அப்பகுதி நடைமுறைக்கு வர 1946 ஆயிற்று. 1956இன் திருத்தம் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழிசெய்தது. அதற்குமுன் கோரும் தொகைக்கேற்ப முத்திரைக் கட்டணம் கட்டி உரிமையியல் நீதிமன்றத்தில் நிற்கவேண்டும். விதவைக்கு அது எங்கே முடியும்? இன்று தமிழ்நாட்டு வழக்கறிஞர் அறைகளில் 'எம்.சி.ஓ.பி.' என்ற நான்கெழுத்தில் வழங்கும் மனு அந்தத் தீர்ப்பாய ஏற்பாட்டின் வாரிசு. 1982இல் எவர் தவறென்று பாராமலே உயிரிழப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்திற்கு 7,500 ரூபாய் என்ற விதி வந்தது. 1988இன் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் அத்தொகைகளை உயர்த்தின.

வழி திறந்தது, அளவுகோல் மாறவில்லை. 1994இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் அட்டவணை, வருமானமில்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று கற்பித வருமானம் வைத்தது. வருமானமில்லாத துணை என்றால், சம்பாதிக்கும் துணையின் வருமானத்தில் மூன்றிலொரு பங்கு. அதாவது ஒரே அளவு சோறு வடித்து, ஒரே அளவு துணி துவைத்த இரு பெண்களில், எழுத்தரின் மனைவிக்கு ஒரு விலை, மேலாளரின் மனைவிக்கு மும்மடங்கு விலை!

தமிழில் 'சும்மா இருத்தல்' என்பது சித்தர்களும் ஞானியரும் எட்டத் துடித்த நிலை. அதே சொல்லை நாம் வீட்டில் அடுப்படியில் நிற்பவளுக்கும் வைத்திருக்கிறோம். 'அம்மா என்ன பண்றாங்க?' 'சும்மாதான் இருக்காங்க.' கல்லூரிச் சேர்க்கைப் படிவங்களில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் குறுக்குக் கோடிட்ட மாணவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கும் இதையேதான் செய்தது. இல்லத்தரசிகளை உழைக்காதோர் பட்டியலில், பிச்சையெடுப்போரோடும் சிறைவாசிகளோடும் சேர்த்து வைத்தது.

மாற்றம் முதலில் வந்தது சாலை விபத்து வழக்கிலன்று. 1989 மார்ச்சில் ஜாம்ஷெட்பூரில் நிறுவன நாள் விழாவில் மூண்ட தீயில் பலர் மாண்டனர். அவ்வழக்கில் 2001இல் உச்சநீதிமன்றம் இல்லத்தரசியின் பணிகளுக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பிட்டது. 2009இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் தாயை இழந்த ஒரு சிறுமியின் வழக்கு வந்தபோது நீதியரசர் பிரபா ஸ்ரீதேவன் கேள்வியை வேரிலேயே எழுப்பினார். அவள் வெளியில் வேலைக்குப் போயிருந்தால் என்ன ஈட்டியிருப்பாள் என்று பார்ப்பதா? திருமணத்தைச் சமபங்குக் கூட்டாகக் கொண்டு கணவனின் வருமானத்தில் பாதியை அவளதாகக் கொள்வதா? அவள் செய்த வேலைகளுக்கு ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்று கூட்டுவதா? ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் இவர் என்பதை நம் வாசகர்கள் அறிந்திருக்கலாம். வீட்டுக்குள் நிகழ்வதை உற்றுநோக்கும் கண் இரண்டு பணிக்கும் பொதுவோ என்று எண்ணத் தோன்றுகிறது.

அத்தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2010இல் ஓர் இல்லத்தரசியின் மரண வழக்கில் எடுத்தாண்டது. அவ்வழக்கில் தீர்ப்பாயம் ஆறு இலட்சம் என்று கணக்கிட்டுவிட்டு, அவர் சம்பாதிக்கவில்லையே என்று பாதிக்கும் கீழே இறக்கியிருந்தது. உயர்நீதிமன்றமும் அதை ஏற்றிருந்தது. ஆறு இலட்சமே தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. மேலே நாம் சொன்ன மக்கள்தொகைக் கணக்கின் அவலத்தை நீதியரசர் கங்குலி சாடியதும் அதில்தான்.

2021 ஜனவரி 5 தீர்ப்பு இன்னும் ஒரு படி ஏறியது. 2014இல் டெல்லியில் காரும் மோட்டார் சைக்கிளும் மோதியதில் இளந்தம்பதியர் இருவரும் மாண்டு, இரண்டு பெண்குழந்தைகள் எஞ்சிய வழக்கு அது. ஊதியமற்ற வீட்டுவேலையில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகக் காட்டிய 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நீதியரசர் ரமணா மேற்கோள் காட்டினார். இல்லத்தரசிக்குக் கற்பித வருமானம் வைத்தால் மட்டும் போதாது, எதிர்கால உயர்வையும் சேர்க்கலாம் என்றார்.

இந்த எதிர்கால உயர்வு என்ன செய்யும் என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். வயது 38, கணவனும் இரு குழந்தைகளும். உழைப்பின் மதிப்பு மாதம் 9,000 ரூபாய் என்று கொள்வோம், ஆண்டுக்கு 1,08,000. தம் சொந்தச் செலவுக்கென்று மூன்றிலொன்றைக் கழித்தால் 72,000. 2009இல் உச்சநீதிமன்றம் வகுத்த பட்டியலில் இவ்வயதுக்குப் பெருக்கெண் 15, ஆக 10,80,000. மாதச் சம்பளமில்லாதவர் நாற்பதுக்கு உட்பட்டவராயின் நாற்பது விழுக்காடு கூட்டவேண்டும் என்பது 2017இன் அரசியல் சாசன அமர்வின் முடிவு. அதைக் கூட்டினால் 15,12,000. இடைவெளி 4,32,000 ரூபாய். 'அவள் உழைப்பும் ஆண்டுதோறும் மதிப்பேறும்' என்று ஒப்புக்கொள்வதன் விலை அது.

இவ்வளவும் இறந்தவர்களைப் பற்றி. உயிர்பிழைத்துக் காலிழந்தவளின் நிலை இன்னும் சிக்கலானது. ஊனத்தின் விழுக்காடு வேறு, அதனால் உழைக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு என்று 2010இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. இடக்கையை இழந்த ஓட்டுநருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகலாம், அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலை நீடிக்கலாம் என்பது அத்தீர்ப்பு தரும் எடுத்துக்காட்டு. ஓட்டுநருக்கு உரிமம் சான்று, தச்சருக்கு உளி சான்று. குடத்தைத் தூக்க முடியவில்லை, தரையில் குந்தமுடியவில்லை, இரவில் பிள்ளை அழுதால் எழுந்து ஓட முடியவில்லை என்பதற்கு ஆவணமேது? மருத்துவர் தரும் சான்றிதழ் பெரும்பாலும் முழங்காலுக்கு இத்தனை விழுக்காடு என்றளவில் நின்றுவிடுகிறது. அந்த முழங்காலைக்கொண்டு அவள் ஒரு நாளில் என்னென்ன செய்துவந்தாள் என்பதை மனுவில் எழுதவேண்டியவர் வழக்கறிஞர். கூண்டேறிச் சொல்லவேண்டியவள் அவள். தொழில் என்ன என்று கேட்கும்போது அவளே, 'ஒண்ணுமில்லைங்க, வீட்ல சும்மாதான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டால், அதுவும் வாக்குமூலமாகப் பதிவாகும்.