மூன்று கிழமைக் கணக்கு

கரவாகு வட்டையில் அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும்போது மூத்தாப்பாவின் எருமைப் பட்டி வயலுக்குள் இறங்கும். வேளாண்மைக் காலத்தில் மேற்கே காட்டுப்பக்கம் போய்விடும். உழவுக்கும் சூடு மிதிக்கவும் எருமைதான். சாய்ந்தமருதில் விற்ற சட்டித் தயிரும் அதன் பால்தான். அதனால் எது சினை என்பது குடும்பத்தின் வருமானக் கேள்வி. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் மார்க்கக் கேள்வியும் ஆகும். எங்கள் ஷாபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி சினைமாடு உழ்ஹிய்யாவுக்கு, அதாவது பெருநாள் பலிக்கு, சேராது.

"காளை சேர்ந்தா மூணு கிழமை பாரு மகன். திரும்பக் காளை தேடாட்டி சினைதான்" என்பார் மூத்தாப்பா. மாதங்கள் ஏறிய பிறகு வலது விலாவின் கீழ் முட்டியை வைத்து அழுத்துவார்; உள்ளே விலகிப்போகும் கன்று திரும்பி வந்து கையில் இடிக்கும்.

அந்த மூன்று கிழமைக்குள் நடப்பதைக் கால்நடைத் துறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகே படித்தேன். முட்டை வெளியேறிய இடத்தில், சூலகத்தில், மஞ்சட்சடலம் வளர்கிறது. அது சுரக்கும் புரோஜெஸ்தரோன் என்ற ஓமோன் கருப்பையைச் சுருங்கவிடாமல் அடக்கி வைக்கிறது. கரு தங்காவிட்டால் கருப்பையே புரொஸ்டகிளாண்டினை அனுப்பி மஞ்சட்சடலத்தை அழிக்கும். ஓமோன் விழும், ஏறத்தாழ 21ஆம் நாள் மாடு மீண்டும் காளை தேடும். கரு தங்கினால், அது தரும் ஒரு புரதம் அந்த அழிவைத் தடுக்கும். ஆக, மூத்தாப்பா கண்ணால் பார்த்தது புரோஜெஸ்தரோன் விழவில்லை என்பதைத்தான்.

உலகம் இதை ஆய்வுகூடத்தில் காணக் காலம் எடுத்தது. 1929இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் கோர்னரும் அலனும் சினைமுயல்களின் சூலகங்களை அகற்றினர். பன்றிகளின் மஞ்சட்சடலங்களிலிருந்து எடுத்த சாற்றை ஊசியால் ஏற்றி, கருவைக் காத்துக் காட்டினர். 1934இல் அந்தச் சாற்றிலிருந்த ஓமோனான புரோஜெஸ்தரோன் தூய வடிவில் பிரிக்கப்பட்டது. ஆனால் இரத்தத்தில் அது மிகச் சொற்பம். யாலோவும் பேர்சனும் இன்சுலினுக்காக உருவாக்கிய கதிரியக்க அளவீட்டு முறைதான் அதையும் அளக்க வழி திறந்தது. யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. 1971இல் பிரித்தானியாவில் லெயிங்கும் ஹீப்பும் புரோஜெஸ்தரோனைப் பசும்பாலிலேயே அளந்தார்கள்.

எங்களுக்கு மிக நெருக்கமான அடி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டது. ஒஸ்வின் பெரேராவும் சகாக்களும் எருமையின் இரத்தத்தில் புரோஜெஸ்தரோனை அளந்து ஆரம்பச் சினையை அறியும் ஆய்வை 1980இல் 'வெட்டரினரி ரெக்கோர்ட்' இதழில் வெளியிட்டனர். எருமைக்கு இது பெரிய உதவி. பசுவைப் போல எருமை பருவத்தை வெளிக்காட்டாது. பல வேளை இரவில் வந்து போய்விடும். பட்டிக்காரரின் கண்ணுக்குத் தப்புவது இரத்தத்தில் தப்பாது.

அந்தப் பரிசோதனைக்கும் எல்லை உண்டு. மூன்றாம் கிழமையில் ஓமோன் குறைந்திருந்தால் சினை இல்லை என்று நம்பிச் சொல்லலாம். உயர்ந்திருந்தால் சினையாக இருக்கலாம். பிறகு கரு அழியவும் கூடும். அதனால் கையால் பார்த்து உறுதிசெய்வது இன்றும் அவசியம்.

மேய்ச்சல்தரை சுருங்கிவிட்ட இந்நாளில், அறியாமல் அறுக்கப்படும் ஒரு சினைமாடு இரண்டு உயிரின் இழப்பு. பேராதனைக்குப் படிக்கப்போகும் எங்கள் பிள்ளைகள் ஓமோனை அளக்கக் கற்கட்டும். பட்டிக்காரரின் கைப்பழக்கத்தையும் அதே மதிப்போடு கேட்டு எழுதி வைக்கட்டும். இரண்டும் ஒரே அறிவின் பகுதிகள்.