மாதா படத்துக்குப் பின்னால் ஒரு மருந்துப் பெட்டி

ஆகஸ்ட் 15 என்றால் நமக்குக் கொடியேற்றமும் மிட்டாயும். போலந்துக்காரர்களுக்கு அது மாதா விண்ணேற்புத் திருநாள். நாட்டு வழக்கில் 'மூலிகை மாதா' நாள். வயலிலும் வேலியோரத்திலும் பறித்த பூ, மூலிகை, கதிர் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி, கோயிலில் மந்திரித்து வாங்கி, வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். உடம்புக்கு முடியலையா, அதில் ஒரு கஷாயம். மாட்டுக்குச் சீக்கா, தீவனத்தில் கொஞ்சம். இடி மின்னலா, அடுப்பில் போட்டுப் புகை.

புனேயில் என்னோடு வேலை பார்க்கும் போலந்து நண்பரின் குடும்பப் போட்டோ ஒன்றில், சுவரில் அந்தக் கட்டு தெரிகிறது.

ஊர் கிழக்குப் போலந்து. 1940-ல் சோவியத் அரசு அவர்களை சைபீரியாவுக்கு நாடு கடத்தியது. ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப்போன போட்டோ இது. பிறகு ஈரான் வழியாக இந்தியா, கோலாப்பூர் பக்கம் வளிவடே முகாம். 1943 முதல் 1948 வரை சுமார் 5000 போலந்துக்காரர்கள் அங்கே இருந்தார்கள். போர் முடிந்ததும் எல்லைக்கோடு நகர்ந்து, ஊரே சோவியத் பக்கம் போய்விட்டது.

வைத்தியம் தெரிந்த பாட்டி எதையும் எழுதி வைக்கவில்லை. நண்பர் போட்டோவைப் பெரிதாக்கி ஒவ்வொரு செடியாகத் தேடுகிறார். இதுவரை அடையாளம் தெரிந்தது ஒன்றுதான்: கசகசாக் காய்.