உயிரித் தொழில்நுட்பப் பயிற்சி (மேற்குச் சென்னை)

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்களில் உயிரியல், தடுப்பூசி, மருத்துவ ஆய்வுத் துறைகளைச் சேர்ந்தோர் தொழில் கற்ற வழிகளின் வரலாறு. களப்பயிற்சி, பயிலரங்கு, கருத்தரங்கு, பட்டப்படிப்பு, இணையவழிப் பாடம் எல்லாம் இதில் அடங்கும். வட்டாரத்தின் நடுப்புள்ளியாகக் கரையான்சாவடியைக் கொள்ளலாம். பரங்கிமலை–பூந்தமல்லி சாலையிலிருந்து ஆவடிச் சாலை பிரிவது இங்கேதான். வடக்கே போனால் ஆவடி; அதற்குக் கிழக்கே அம்பத்தூரை ஒட்டி அயப்பாக்கம்; மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலம்; கிழக்கே போரூர்.

மரபணுவைக் கையாளும் தொழிலை மட்டுமே உயிரித் தொழில்நுட்பம் என்று எல்லை வகுப்போர் உண்டு. அப்படிக் கொண்டால் இவ்வட்டாரத்துக்குச் சொல்லிக்கொள்ள இருப்பது கல்லூரி வகுப்பறைகளின் கதை மட்டுமே. தடுப்பூசி தயாரிப்பையும், அதை மக்களிடையே சோதித்துப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்வோர் வரலாற்றை 1960களுக்குக் கொண்டுபோவர். இக்கட்டுரை இரண்டாம் வழக்கைப் பின்பற்றுகிறது. இப்பகுதியில் இத்தொழிலைக் கற்றவர்களில் பலர் பதிவேடும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கிக் கற்றவர்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதும் வரலாறு குறையுடையது.

முன்வரலாறு

சென்னையில் தடுப்பூசித் தொழில் வேரூன்றிய இடம் கிண்டி. 1899-இல் நிறுவப்பட்ட கிங் நிலையமும் 1948-இல் வந்த பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடமும் அங்கே உள்ளன. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. பூந்தமல்லியில் அரசின் பொதுச் சுகாதாரப் பயிற்சி நிலையம் நெடுங்காலமாகச் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வருகிறது.

1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. சென்னைக்கு மேற்கிலுள்ள திருவள்ளூர்ப் பகுதி அப்போது அம்மாவட்டத்தில் இருந்தது. 1971-க்குள் 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டு, 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ குலுக்கல் முறையில் போடப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற முடிவு உலகெங்கும் அதிர்ச்சி தந்தது. காரணம் பற்றிய கருத்து வேறுபாடு இன்றும் தீரவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமிக்கு உறவான நுண்ணுயிர்கள் இங்குள்ளோர் உடலை முன்பே பழக்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். தென்னிந்தியக் காசநோய்க் கிருமியின் வீரியம் குறைவு என்பது இன்னொன்று. பச்சிளங் குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து காப்பதால் பி.சி.ஜி. ஊசி இன்றும் தொடர்கிறது.

ஆவடிக் களப்பிரிவும் தொழுநோய்த் தடுப்பூசிச் சோதனையும்

ஆக்ராவில் ஜப்பானியர் உதவியுடன் உருவாகி, 1976-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திடம் வந்த மத்திய ஜால்மா தொழுநோய் நிலையத்துக்கு ஆவடியில் ஒரு களப்பிரிவு இருந்தது. மேற்குச் சென்னையின் உயிரியல் வரலாற்றில் மிகத் தெளிவாக ஆவணப்படுத்தப்பட்ட பகுதி இப்பிரிவின் பணியே.

தொழுநோய்க் கிருமி ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையில் வளராது. அதைப் போதுமான அளவில் பெற ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடலில் வளர்த்தெடுக்க வேண்டியிருந்தது. இந்த இடர்ப்பாட்டைத் தாண்ட ஆய்வாளர்கள் பல வழிகளில் முயன்றனர். அவ்வாறு பெற்ற கிருமியைக் கொன்று பி.சி.ஜி.யுடன் கலப்பது ஒரு வழி. தொழுநோய்க் கிருமிக்கு உறவான, ஆனால் ஆய்வுக்கூடத்தில் வளரக்கூடிய நுண்ணுயிரைத் தடுப்பூசியாக்குவது மற்றொன்று. இந்த இரண்டாம் வழியில் இந்தியாவிலேயே இரண்டு ஊசிகள் பிறந்தன. மும்பை இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தின் பெயர் தாங்கிய ஐ.சி.ஆர்.சி. ஊசி ஒன்று, ஜி.பி. தல்வார் உருவாக்கிய எம்.டபிள்யூ. ஊசி மற்றது.

இவற்றை ஒரே களத்தில் ஒப்பிடும் சோதனையை ஆவடிக் களப்பிரிவு 1991 ஜனவரியில் தொடங்கியது. பொறுப்பேற்று நடத்தியவர் எம்.டி. குப்தே. சுமார் 3,00,000 பேர் வாழும் பகுதியில் வீடு வீடாகக் கணக்கெடுத்ததில் 2,16,000 பேர் ஊசி போடத் தகுதியுள்ளவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் 1,71,400 பேர் தாமாக முன்வந்தனர். அவர்கள் ஐந்து குழுவாயினர்: பி.சி.ஜி. மட்டும், பி.சி.ஜி.யுடன் கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமி, ஐ.சி.ஆர்.சி., எம்.டபிள்யூ., ஐந்தாவதாக வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. சேர்க்கை இரண்டரை ஆண்டில் முடிந்தது.

தொழுநோயைக் கண்டறிவது பெரும்பாலும் கண்ணாலும் விரலாலும் செய்யும் வேலை. பகல் வெளிச்சத்தில் தோலைப் பார்க்க வேண்டும். வெளிறிய தேமலில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று தொட்டுக் கேட்க வேண்டும். முழங்கை, முழங்கால் நரம்புகள் தடித்திருக்கின்றனவா என்று தடவிப் பார்க்க வேண்டும். வயலுக்குப் போனவர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும், அதே சமயம் பொழுது சாய்வதற்குள் பார்த்தாக வேண்டும். இந்நோய் இருக்கிறது என்று ஊர் அறிந்தால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று அஞ்சிய காலம் அது. அத்தகைய வீட்டுக்குள் பக்குவமாகப் பேசி நுழையும் ஊழியரின் கைத்திறன்தான் சோதனையின் நம்பகத்தன்மை. இத்திறனைக் கற்பிக்கச் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இருந்தது என்றாலும், கற்றதைப் பழக்கமாக்கியது களம்தான். இருமுறை நடந்த மறுஆய்வு ஒவ்வொன்றிலும், ஊசி போட்டுக்கொண்டவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரைத் தேடிப் பிடித்து மீண்டும் பரிசோதித்தார்கள். மணமாகி வேற்றூர் போனவர், பிழைப்புக்கு நகரம் போனவர், பெயர் மாறி எழுதப்பட்டவர் எல்லாரும் அடங்கிய ஒரு மக்கள்தொகையில் இது எளிய செயலன்று.

இரண்டாம் மறுஆய்வு முடிந்து 1998 டிசம்பரில், யாருக்கு எந்த ஊசி என்பதை மறைத்து வைத்திருந்த குறியீடு திறக்கப்பட்டது. ஐ.சி.ஆர்.சி. ஊசி 65.5 விழுக்காடும், பி.சி.ஜி.யுடன் கொல்லப்பட்ட கிருமி சேர்ந்த ஊசி 64 விழுக்காடும் பாதுகாப்பு அளித்தன. தனி பி.சி.ஜி.க்கு 34.1, எம்.டபிள்யூ.க்கு 25.7. இடையில் குறியீட்டைத் திறந்து பார்க்கும் அளவுக்குக் கடுமையான பக்கவிளைவு யாருக்கும் ஏற்படவில்லை. கடுமையான தொழுநோய் வகைகளை இவை தடுக்குமா என்று சொல்லப் போதிய நோயாளிகள் இல்லை என்பதையும் ஆய்வறிக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

பின்னர் நடந்தது விவாதத்துக்குரியது. சோதனையில் முன்னிலை பெற்ற இரு ஊசிகளும் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. 1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை நோயாளிகளின் எண்ணிக்கையை வேகமாகக் குறைத்துவிட்டதால் தடுப்பூசிக்குத் தேவை இருப்பதாகக் கருதப்படவில்லை என்பது பொதுவான விளக்கம். வாய்ப்பு நழுவவிடப்பட்டது என்போரும் உளர். இங்கே பின்தங்கிய எம்.டபிள்யூ. மட்டும் கடிலா நிறுவனத்தின் தயாரிப்பாகச் சந்தைக்கு வந்தது. கான்பூர்ப் பகுதியில் நடந்த வேறொரு ஆய்வில் அதற்கு நல்ல பலன் கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. இரு களங்களின் முடிவும் ஏன் வேறுபட்டன என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. எம்.டபிள்யூ. ஊசியின் நுண்ணுயிருக்குப் பின்னாளில் மைக்கோபாக்டீரியம் இண்டிகஸ் பிரானி என்று பெயரிட்டனர்.

அயப்பாக்கம்

1999-இல் ஆவடிக் களப்பிரிவும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இணைக்கப்பட்டுத் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் உருவானது. குப்தே அதன் இயக்குநரானார். அயப்பாக்கத்தில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பை ஒட்டி அதன் வளாகம் உள்ளது. தெருவில் நடந்து பழகியவர்களும் கணக்கில் தேர்ந்தவர்களும் ஒரே கூரையின்கீழ் வந்த இந்த இணைப்பு, பயிற்சி வரலாற்றில் ஒரு திருப்பம்.

2001-இல் இங்கே களத் தொற்றுநோயியல் பயிற்சி தொடங்கியது. அமெரிக்காவில் 1951-இல் அலெக்சாண்டர் லாங்மூயர் தொடங்கிய நோய்ப் புலனாய்வுப் பணியே இதன் முன்மாதிரி. 1980-இல் தாய்லாந்து அதைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்ட பிறகு அம்முறை பல நாடுகளுக்குப் பரவியது. அயப்பாக்கத்தில் இது இரண்டாண்டுப் பட்டப்படிப்பாக அமைந்தது. பட்டம் வழங்கியது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். மாநிலச் சுகாதாரத் துறைகளின் மருத்துவர்கள் சில வாரங்கள் மட்டும் வளாகத்தில் வகுப்பு கேட்டுவிட்டு, தத்தம் மாவட்டத்துக்குத் திரும்பிவிடுவர். அங்கே உண்மையில் பரவும் காலராவையோ மஞ்சள்காமாலையையோ தட்டம்மையையோ ஆராய்ந்து, அடுத்த முறை வரும்போது சக மாணவர் முன் அறிக்கை வைத்துக் கேள்விகளை எதிர்கொள்ள வேண்டும். எந்தக் கிணறு, எந்தக் குழாய், யார் குடித்தார், யார் குடிக்கவில்லை என்று பிரித்துக் காட்டாத அறிக்கை அந்த அவையில் நிற்காது. இவ்வட்டாரம் கண்ட தொழில்முறைக் கூட்டங்களில் இவையே மிகவும் பயன்பட்டவை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

கல்லூரிகளும் தொழிற்கூடப் பயிற்சியும்

உயிரித் தொழில்நுட்பத்துக்கென மத்திய அரசு 1986-இல் தனித்துறை அமைத்தது; அடுத்த ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் அதற்கான மையம் வந்தது. பின்னர் தனியார் பொறியியல் கல்லூரிகளில் இப்படிப்பு வேகமாகப் பரவியது. தண்டலம் ராஜலட்சுமி கல்லூரியிலும் ஆவடி வேல்டெக் கல்லூரிகளிலும் இது கற்பிக்கப்படுகிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவும் தண்டலம் சவீதாவும் மருத்துவத்தோடு சேர்த்து உயிரியல் ஆய்வையும் வளர்த்தன.

இம்மாணவர்கள் ‘இன்பிளான்ட் டிரெயினிங்’ என்று சொல்லும் தொழிற்கூடப் பயிற்சிக்கு அருகில் இடமில்லை என்பது பழைய குறை. அம்பத்தூர் தொழிற்பேட்டை வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றது. எனவே தென்சென்னைக்கோ, 2004-இல் தரமணியில் திறக்கப்பட்ட டைசல் உயிரிப் பூங்காவுக்கோ, ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டைக்கோ போக வேண்டியிருந்தது. பட்டதாரிகளை உதவித்தொகையுடன் ஆறு மாதம் நிறுவனங்களில் அமர்த்தும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் தொழிற்பயிற்சித் திட்டம் சிலருக்குக் கைகொடுத்தது.

அண்மைக் காலம்

2020 மே, ஜூன் மாதங்களில் கொரோனா கிருமி எவ்வளவு பேரைத் தொட்டிருக்கிறது என்று அறியும் முதல் தேசியக் குருதிச் சோதனைக் கணக்கெடுப்பை அயப்பாக்கம் நிறுவனம் முன்னின்று நடத்தியது. 21 மாநிலங்கள், 70 மாவட்டங்கள், மாவட்டத்துக்குப் பத்து இடங்கள், இடத்துக்கு நாற்பது பேர் என 28,000 பேர். கிடைத்த விடை 0.73 விழுக்காடு. 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காம் சுற்றில் அது 67.6 விழுக்காடாக உயர்ந்திருந்தது. முதல் சுற்றில் பயன்பட்ட ‘கவச்’ சோதனை புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனம் உருவாக்கியது. அதைத் தொழிற்சாலையில் தயாரித்தது சைடஸ் நிறுவனம். ஆய்வுக்கூடத்து நுட்பமும் வீடு வீடாக ஏறும் பழைய களமுறையும் அந்தக் கோடையில் ஒன்றுசேர்ந்தன.



மருத்துவ ஆய்வின் அடிப்படைப் பாடத்தை 2019 முதல் அயப்பாக்கம் நிறுவனம் இணையவழியில் நடத்துகிறது. மருத்துவ முதுநிலை மாணவர்களுக்கு இதில் தேர்ச்சி கட்டாயம். அதே நிறுவனம் வழங்கும் ‘நலவாழ்வு ஆய்வின் அடிப்படைகள்’ என்ற இன்னொரு பாடம் மருத்துவரல்லாதோருக்கும் திறந்திருக்கிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் உண்டு. தண்டலத்திலும் ஆவடியிலும் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் இதில் சேர்ந்து படிப்பது நல்லது.