உருளும் வீடும் பழைய முகமும்

நெதர்லாந்தைச் சேர்ந்த கார் வியாபாரி பென் பொன், ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் ஒரு விசித்திர வண்டியைக் கண்டார். பீட்டில் காரின் அடிச்சட்டத்தின் மேல் பலகையைப் போட்டு, அதில் தொழிலாளர்கள் உதிரிபாகங்களை ஏற்றிச் சென்றார்கள். 1947 ஏப்ரலில் அவர் தன் குறிப்பேட்டில் பெட்டி போன்ற ஒரு வேனைக் கிறுக்கினார். அந்தக் கிறுக்கல்தான் 1950-இல் ஃபோக்ஸ்வாகன் வேனாக உற்பத்திக்கு வந்தது!

மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தியது. போரில் சிதைந்த நாட்டில், விடுதிக்குக் காசில்லாத குடும்பமும் சுற்றுலா போக முடிந்தது. 25 குதிரைத்திறன் இஞ்சின் மேட்டில் திணறியது. ஆனாலும் மக்கள் நேசித்தார்கள். 1960-களில் அமெரிக்க ஹிப்பிகள் அதைச் சுதந்திரத்தின் சின்னமாக்கினார்கள்.

ஆனால் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் இருந்தது வெறும் தகரம்தான். காற்றுப்பையும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயமாக இருந்ததால், பிரேசிலில் அதன் உற்பத்தி 2013-இல் நின்றது.

2020-இல் 'இ-புல்லி' வந்தது. 1966-ஆம் ஆண்டு வேனுக்குள் 45 கிலோவாட்-மணி பேட்டரி, புதிய பிரேக், புதிய ஸ்டீயரிங். ஒரு முறை சார்ஜ் செய்தால் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடும். ஊருக்குள் சுற்ற இது போதும், தொலைதூரப் பயணத்துக்கு? உடல் கூடும் பழையதுதான்.

2022-இல் வந்த 'ஐ.டி. பஸ்' எதிர்வழியில் போனது: பழைய முகச்சாயல், முற்றிலும் புதிய உடம்பு. நினைவுகளைக் காப்பாற்ற முதல் வழி நல்லது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக இரண்டாவதே நல்லது.