நுண்செயலிப் பாதுகாப்புத் தரங்கள்

இயங்குதளமே ஊடுருவப்பட்டாலும் கைரேகை, குறியாக்கச் சாவி போன்றவை கசியாதபடி சில்லுக்குள்ளேயே அமைக்கப்படும் காப்பு முறைகள். எல்லோரும் ஏற்ற ஒரே முறை இல்லை. நிறுவனத்துக்கு ஒரு வழி.

கைபேசிகளில் பரவலானது ஆர்ம் நிறுவனத்தின் டிரஸ்ட்சோன். ஒரே செயலி சாதாரண உலகு, பாதுகாப்பு உலகு என மாறி மாறி இயங்கும். நினைவகத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையுடனும், அது எந்த உலகிலிருந்து வருகிறது என்று காட்டும் ஒரு பிட்டும் சேர்ந்தே போகும். கைரேகையை ஒப்பிடுவது பாதுகாப்பு உலகு. ஆண்ட்ராய்டுக்கு வந்து சேர்வது முடிவு மட்டுமே. ஆப்பிளோ 2013இல் ஐபோன் 5எஸ்ஸில் இதற்கெனத் தனிச் செயலியையே வைத்துவிட்டது.

இன்டெல் 2015இல் கொண்டுவந்த எஸ்ஜிஎக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு மறைவறை அமைத்துக்கொள்ளலாம். 2018இல் வெளியான ஃபோர்ஷேடோ தாக்குதல் அந்த அறையையும் திறந்து காட்டியது. 11ஆம் தலைமுறை முதல் மேசைக்கணினி, மடிக்கணினிச் சில்லுகளில் இன்டெல் அதைக் கைவிட, அதையே நம்பியிருந்த 4கே புளூரே வட்டுகள் புதிய கணினிகளில் ஓடாமல் போயின. சர்வர் சில்லுகளில் எஸ்ஜிஎக்ஸ் தொடர்கிறது. ஏஎம்டியின் எஸ்இவி மெய்நிகர் கணினியின் நினைவகத்தைக் குறியாக்குகிறது. அதற்கான சாவிகளைக் காப்பது ஏஎம்டி சில்லுக்குள் அமர்ந்திருக்கும் ஆர்ம் செயலி என்பது வேடிக்கை.

இவற்றுக்கு மாறாக, பல நிறுவனங்கள் கூடி வகுத்த, சாவிகளைக் காக்கும் டிபிஎம் என்ற முறை, ஐஎஸ்ஓ 11889 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. 2021இல் விண்டோஸ் 11 அதன் 2.0 பதிப்பைக் கட்டாயமாக்கியது.