மார்க் டல்லி

மார்க் டல்லி (பிறப்பு: 24 அக்டோபர் 1935, கல்கத்தா), பி.பி.சி. வானொலியின் டெல்லி செய்தியாளராக இந்தியச் சிற்றூர்கள் வரை பெயர் தெரிந்தவர். பெயர் வாங்கித் தந்தது அரசியல் செய்தி. ஆனால் இன்றும் எடுத்துப் படிக்க வைப்பது சமயமும் பண்பாடும் பற்றி அவர் எழுதியவைதான்.

கல்கத்தாவில் வணிகம் செய்த ஆங்கிலேயக் குடும்பம். வேலைக்காரர்களின் மொழி பிள்ளைக்குத் தொற்றிவிடக்கூடாது என்று ஓர் ஆங்கிலேயத் தாதி கூடவே இருந்தார். ஒன்பது வயதில் இங்கிலாந்து சென்ற டல்லி, கேம்பிரிட்ஜில் வரலாறும் இறையியலும் படித்தார். பாதிரியார் ஆகும் எண்ணத்துடன் லிங்கன் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, இரண்டே பருவத்தில் வெளியேறினார். 1964-இல் பி.பி.சி.யில் சேர்ந்து மறு ஆண்டு டெல்லிக்கு வந்தது நிர்வாகப் பணிக்கு. பிறகே செய்தித் துறைக்கு மாறினார். நெருக்கடி நிலையின்போது இந்திய அரசு அவரை வெளியேற்றியது. திரும்பி வந்து 1994 வரை நீடித்தார்.

அந்தக் காலத்து இந்தியாவில் சமயத்தை ஒதுக்கிவிட்டு அரசியல் எழுத முடியாது. 1984 பொற்கோயில் ராணுவ நடவடிக்கை பற்றி சதீஷ் ஜேக்கப்புடன் சேர்ந்து நூல் எழுதினார். 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது, கரசேவகர்கள் அவரைச் சூழ்ந்து மிரட்டி, ஓர் அறையில் சில மணி நேரம் பூட்டி வைத்தனர்.

‘நோ ஃபுல் ஸ்டாப்ஸ் இன் இந்தியா’ (1991) அவருடைய முக்கிய நூல். அலகாபாத் கும்பமேளா, ராமானந்த் சாகரின் ராமாயணத் தொலைக்காட்சித் தொடர், ராஜஸ்தானின் தேவராலாவில் நடந்த உடன்கட்டை என, தலைநகரச் செய்தியாளர்கள் ஓரிரு பத்தியில் கடந்துபோகும் விஷயங்களுக்கு முழு அத்தியாயங்கள் தந்தார். மாமல்லபுரத்துச் சிற்பிகளோடு வேலை செய்த பிரிட்டிஷ் சிற்பி ஸ்டீபன் காக்ஸும் இதில் வருகிறார். மேல்தட்டு இந்தியர் மேற்கைப் பார்த்து நடப்பதே நாட்டின் நோய் என்பது நூலின் வாதம். சாதி ஏழைக்கு ஓர் அடைக்கலமும் தருகிறது என்ற அவர் கருத்து கண்டனத்துக்கு உள்ளானது. அந்தக் கண்டனம் நியாயமானதே: அடைக்கலம் பற்றிச் சொன்ன அளவுக்கு, சாதியால் அடிபட்டவர் தரப்பை அவர் எடை போடவில்லை.

பி.பி.சி. நிர்வாகத்தைப் பகிரங்கமாக விமர்சித்து, 1994-இல் பதவி விலகிய டல்லி டெல்லியிலேயே தங்கினார். ஏசுவின் வாழ்வு பற்றித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை வழங்கினார். ஆங்கிலிக்கன் கிறிஸ்தவராகவே இருந்தபடி, கடவுளை அடைய வழிகள் பல என்று இந்தியா தமக்குக் கற்பித்ததாக எழுதினார். பத்மஸ்ரீ (1992), பத்மபூஷண் (2005), பிரிட்டனின் ‘சர்’ பட்டம் (2002) ஆகியவை பெற்றார். பி.பி.சி. ரேடியோ 4-இல் 1995-இல் தொடங்கிய ‘சம்திங் அண்டர்ஸ்டுட்’ என்ற சமயச் சிந்தனை நிகழ்ச்சியின் முதன்மைத் தொகுப்பாளராக அவரே இருந்தார். அதன் புதிய பகுதிகள் 2019-இல் நிறுத்தப்பட்டன.