அருள்கொடை

கிறித்தவ சமயத்தில், தூய ஆவியார் ஒருவருக்குப் பிறர் நன்மைக்காக இலவசமாகத் தரும் ஆற்றலைக் குறிக்கும் சொல். கிரேக்க மூலம் ‘காரிஸ்மா’. அருள் எனப் பொருள்படும் ‘காரிஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. தமிழ்ச் சீர்திருத்த சபைகளில் இதை ‘ஆவிக்குரிய வரம்’, ‘கிருபைவரம்’ என்பார்கள். கத்தோலிக்கரிடையே ‘அருள்கொடை’, ‘ஆவியாரின் கொடை’ என்பவை வழக்கு.

அப்போஸ்தலர் பவுலுக்கு முந்தைய கிரேக்க நூல்களில் காரிஸ்மா மிக அரிது. புதிய ஏற்பாட்டில் 17 இடங்களில் வருகிறது. பேதுருவின் முதல் கடிதத்தில் வரும் ஒன்றைத் தவிர மற்ற 16 இடங்களும் பவுலின் பெயரால் வழங்கும் கடிதங்களில் உள்ளவை. ஆனால் அவர் கையில் அது இன்னும் கலைச்சொல்லாக இறுகவில்லை. ரோமருக்கு எழுதுகையில் நிலைவாழ்வையே காரிஸ்மா என்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது, மணமாகாமல் வாழ்வதும் மணவாழ்வும் ஆளுக்கொரு காரிஸ்மா ஆகின்றன. சாவின் விளிம்பிலிருந்து தாம் தப்பியதற்கும் அதே சொல்தான்.

பிற்காலம் பிடித்துக்கொண்ட பொருள் கொரிந்து சபையில் எழுந்த ஒரு சச்சரவிலிருந்து வந்தது. அந்நியபாஷையில் பேசியவர்கள் தங்களை மற்றவர்களைவிட உயர்வாக எண்ணினார்கள். கி.பி. 54ஐ ஒட்டி எபேசுவிலிருந்து பவுல் எழுதிய கடிதத்தின் 12 முதல் 14 வரையான அதிகாரங்கள் அதற்கான பதில். ஞானம், அறிவு, விசுவாசம், குணமாக்குதல், அற்புதம், தீர்க்கதரிசனம், ஆவிகளைப் பகுத்தறிதல், அந்நியபாஷை, அதன் விளக்கம் என ஒன்பதை அடுக்குகிறார். அதே அதிகாரத்தின் இறுதியில் பிறருக்கு உதவுவதையும் நிர்வாகத்தையும் சேர்க்கிறார். ரோமர் கடிதத்தின் பட்டியலிலோ கற்பித்தலும் ஈகையும் இரக்கமும் இருக்கின்றன, அந்நியபாஷை இல்லை. சபைக்கு எது பயன்படுகிறது என்பதே பவுலின் அளவுகோல். யாருக்கும் புரியாத பாஷையில் பதினாயிரம் சொற்களைவிடப் புரியும்படி ஐந்து சொற்கள் மேல் என்ற அவரது தீர்ப்பு, பின்னால் இவ்வரங்களின் பெயரால் எழுந்த இயக்கங்கள் பலவற்றிலும் போதிய கவனம் பெறவில்லை.

தமிழில் ‘வரம்’ என்ற சொல் இங்கே கொஞ்சம் இடறுகிறது. நம் புராண வழக்கில் தவம் கிடந்து, கேட்டுப் பெறுவது வரம். இரணியனும் இராவணனும் பெற்றவை அப்படிப்பட்டவை. பவுலும் வரங்களை நாடச் சொல்கிறார்தான். ஆனால் பங்கிடுவது ஆவியின் சித்தம். பெறுபவரின் தகுதியோ தவமோ கணக்கில் இல்லை. ‘கொடை’ என்ற சொல் அந்தக் கருத்துக்கு இன்னும் நெருக்கமானது.

இரண்டாம் நூற்றாண்டில் பிரிகியாவில் மொந்தானு என்பவரும் பிரிசில்லா, மக்சிமில்லா என்ற பெண்களும் புதிய தீர்க்கதரிசனம் உரைத்தனர். ஆயர்கள் அவர்களை ஒதுக்கினார்கள். பெரும் எழுத்தாளரான தெர்த்துல்லியன் அவர்கள் பக்கம் சாய்ந்தார். அதன்பின் வரங்களைப் பற்றிய பேச்சே சபைத் தலைமைக்கு ஐயத்துக்குரியதாயிற்று. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கொரிந்தியர் பகுதியை விளக்கிய யோவான் கிறிசோஸ்தோம், அங்கே சொல்லப்பட்டவை தம் காலத்தில் நிகழாததால் அப்பகுதி தெளிவற்றிருக்கிறது என்றார்.

இடைக்காலத்தில் கவனம் வேறொரு பட்டியலுக்குத் திரும்பியது. ஏசாயா 11ஆம் அதிகாரத்தின் எபிரேய மூலத்தில் ஆவியின் பண்புகள் ஆறு. கிரேக்க, இலத்தீன் பெயர்ப்புகளில் பக்தி சேர்ந்து ஏழாயின. ஞானம், புத்தி, விமரிசை, அறிவு, திடம், பக்தி, தெய்வபயம் எனப் பழைய தமிழ் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்யப்பட்டவை இவைதாம். தாமஸ் அக்குவினாஸ் இந்த ஏழையும் பவுலின் ஒன்பதையும் தனித்தனியே வைத்தார்: முன்னவை பெறுபவரைப் புனிதப்படுத்துபவை, பின்னவை பிறர் நலனுக்கானவை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசும் பழக்கம் இன்றும் உண்டு.

சீர்திருத்தச் சபையினருள் பலர், அற்புத வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தன என்றனர். இக்கொள்கைக்கு அமெரிக்க இறையியலாளர் வார்பீல்டு 1918இல் விரிவான நூல் எழுதினார். ஆனால் அதற்கு முன்பே, 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனைச் சுற்றி எழுந்த எழுப்புதலில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் பதிவாகியிருந்தன. வில்லியம் சீமோரின் தலைமையில் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் கூட்டங்கள் தொடங்கியது 1906இல். பெந்தெகொஸ்தே வரலாற்றை அசூசாவிலிருந்தே தொடங்குவோர் இந்த நாற்பத்தாறு ஆண்டு இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

இதற்கிடையில் சொல் கோயிலை விட்டு வெளியேறியது. ஜெர்மானியச் சட்ட வரலாற்றாளர் ருடால்ஃப் சோம், தொடக்கச் சபை சட்டத்தால் அல்லாமல் காரிஸ்மாவால் இயங்கியது என 1892இல் வாதிட்டார். சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் அதை அவரிடமிருந்து எடுத்துத் தலைவர்களின் தனிக் கவர்ச்சிக்குப் பெயராக்கினார். அரசியல் கட்டுரைகளில் இன்று வரும் ‘கரிஸ்மா’ வேபருடையது, பவுலுடையது அன்று.

கத்தோலிக்கத் திருச்சபையில் விவாதம் 1963 அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் வெடித்தது. இவ்வரங்கள் இன்று மிக அரியவை என்றார் கர்தினால் ருஃபினி; எல்லா விசுவாசிகளுக்கும் உரியவை என்று மறுத்தார் பெல்ஜியக் கர்தினால் சூனென்ஸ். 1964இல் வெளியான திருச்சபை பற்றிய ஏடு சூனென்ஸ் பக்கமே நின்றது. 1967இல் பிட்ஸ்பர்க்கின் டுகேன் பல்கலைக்கழக மாணவர் தியானத்திலிருந்து கத்தோலிக்க அருங்கொடை இயக்கம் கிளைத்தது. துறவற சபைகளும் தங்கள் நிறுவனரின் நோக்கத்தை ‘தனிவரம்’ என அழைக்கலாயின. ஆயர்களின் அதிகாரமும் அருள்கொடைகளும் திருச்சபைக்கு ஒருசேர இன்றியமையாதவை என 2016இல் வத்திக்கான் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய மடலில் அறிவித்தது.